அம்மாவைப் பத்தி எழுதுன கதை, அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, போடலாமா?

தாமிரபரணி_கரை

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிக்க மட்டும்தான் செய்வேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா ஒண்ணு கேக்கேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் சிறுகதை எழுதுறேன். இதுவரைக்கும் ஏழு கதை வந்திருக்கு. எட்டாவது கதைய ஒரு சிற்றிதழ்ல எடுத்துக்கிட்டாங்க, அடுத்த இதழ்ல போடுறோம்னு சொல்லிட்டாங்க. அது எங்கம்மாவைப் பத்தின கதை. பேரை மாத்திட்டேன், ஊர் பேர் எங்கயும் வராது, ஆனா எங்க தெருவுல யார் வாசிச்சாலும் முதல் பத்தியிலேயே கண்டுபிடிச்சிருவாங்க.

அம்மா பீடி சுத்துறவங்க. விடியுறதுக்கு முன்னாடியே இலையைத் தண்ணியில நனைச்சு உதறி ஈரச்சாக்குல சுத்தி வச்சிருவாங்க, எங்களை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு தகர அளவை வச்சு கத்தரியால வெட்டுவாங்க, அப்புறம் மடியில தட்டை வச்சு உக்காந்தாங்கன்னா சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க. ஒரு நாளைக்கு 800 பீடி. நான் ஸ்கூல் விட்டு வந்து நுனி மடக்கணும், 25 25-ஆ எண்ணி நூல் போட்டுக் கட்டணும். கொண்டு போய் கொடுத்தா பீடிக்கடையில ஒருத்தர் கட்டைப் பிரிச்சுப் பார்த்து, சரியில்லாததைக் கழிச்சுப் போட்டுருவார். கழிச்ச பீடிக்குக் கூலி கிடையாது, ஆனா அதுக்குக் கொடுத்த இலைக்கும் தூளுக்கும் கணக்கு கேப்பாங்க.

எனக்குப் பத்து வயசு இருக்கும்போது, கட்டு கட்டச் சொன்னா நான் பக்கத்துல ஒரு வாரப்பத்திரிகைய விரிச்சு வச்சு வாசிச்சிட்டே இருந்தேன், பக்கத்தைத் திருப்பும்போது கை பட்டு சொம்புத் தண்ணி அப்படியே கட்டி வச்ச பீடி மேல கொட்டிருச்சு. அம்மா கையில இருந்த தட்டாலயே அடிச்சாங்க. என் இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு இருக்கு. கதை அதுதான். கடைசி வரியில அம்மா நனைஞ்ச பீடியையெல்லாம் பேப்பர்ல பரப்பி ஃபேனுக்கு அடியில காய வச்சிட்டு இருப்பாங்க, ரத்தம் வடிய நிக்குற பொண்ணைத் திரும்பிப் பார்க்கவே மாட்டாங்க.

இதை நான் கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதி வச்சிட்டேன். இப்ப என் மகளுக்கு அஞ்சு வயசு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வீட்டுல இருந்து வேலை பார்த்துட்டு இருக்கேன், அன்னைக்கு ராத்திரிக்குள்ள முடிச்சு அனுப்பணும், இவ ஓடி வந்து பால் டம்ளரை லேப்டாப் மேல கவுத்துட்டா. என் கை மேல போயிருச்சு. இறங்கல, ஆனா அவ கண்ணை இறுக்க மூடிக்கிட்டா. நான் அவளை இதுவரைக்கும் அடிச்சதே இல்லங்க. பின்ன எப்படி அவளுக்குக் கண்ணை மூடத் தெரிஞ்சது?

அன்னைக்கு ராத்திரி அந்தக் கதைய எடுத்து வாசிச்சேன். நான்தான் அந்தப் பொண்ணுன்னு நினைச்சு எழுதுன கதை, இப்ப வாசிச்சா நான் சொம்பு கவுந்த பக்கம் நிக்கல, தட்டைப் பிடிச்ச பக்கம் நிக்கேன்.

எங்க அண்ணன்கிட்ட சொன்னேன். "போட்டுரு, அம்மாவுக்கு வாசிக்கவா தெரியும்"னு சொன்னான். எனக்கு அதுதான் குத்துது. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி பஸ்ஸு போர்டு வாசிக்க வரும், அவ்வளவுதான். நான் என்ன எழுதுனாலும் "அப்படி இல்லட்டி"ன்னு அவங்களால திருப்பி எழுத முடியாது. அம்மா அப்பாவை, பெத்த பிள்ளைகளை எழுதுன எழுத்தாளர்கள் இதை எப்படிக் கடந்து வந்தாங்க? நீங்க யாராச்சும் எழுதிருக்கீங்களா? எழுதலாமா கூடாதான்னு மட்டும் இல்ல, எங்க நின்னு எழுதணும்னே எனக்குத் தெரியல.

முற்றத்து_மரம்

தங்கச்சி, உங்க பதிவை ரெண்டு தடவை வாசிச்சேன். அந்தக் குழந்தை கண்ணை மூடிக்கிட்ட இடத்துல என்னால மேல போக முடியல.

அம்பையோட "அம்மா ஒரு கொலை செய்தாள்" கண்டிப்பா வாசிச்சிருப்பீங்க. இப்ப திரும்பவும் ஒரு தடவை வாசிங்க, மகளா இல்லாம அம்மாவா வாசிங்க. அதுல அந்தப் பொண்ணு கறுப்பு. அம்மாதான் அவளுக்கு எல்லாம், அம்மா பக்கத்துல இருந்தா அவளுக்குத் தன்னோட நிறமே ஒரு குறையாத் தெரியாது. அம்மா ஊருக்குப் போயிருக்குற நேரத்துல அவ வயசுக்கு வந்துடுறா. என்ன நடக்குதுன்னே புரியாம பயந்துபோயி, அம்மா வந்தா எல்லாம் சரியாயிடும்னு காத்துட்டு இருக்கா. அம்மா வர்றாங்க. வந்து சொல்ற ஒரே வாக்கியம், இதுக்கு இப்ப உனக்கு என்ன அவசரம்ங்குற மாதிரி. அந்த ஒரு பேச்சுதான் கொலை.

ஆனா நான் பத்து பதினஞ்சு தடவை வாசிச்ச பிறகுதான் ஒண்ணு கவனிச்சேன். அம்மா எங்க போயிட்டு வர்றாங்க? அக்கா முறை பொண்ணு ஒருத்தியைப் பொண்ணு பார்க்க வர்ற இடத்துக்கு. மாப்பிள்ளை வேண்டாம்னுட்டான். காரணம், பொண்ணு கறுப்பு. அதைக் கேட்ட காதோடதான் அந்த அம்மா வீட்டுக்குள்ள நுழையுறாங்க, எதிர்ல கறுப்பா இன்னொரு பொண்ணு, அதுவும் தன் பொண்ணு, வயசுக்கு வந்து நிக்குது. அம்பை இதை விளக்கவே இல்ல. அம்மாவை மன்னிக்கவும் இல்ல, அது கொலைன்னு தலைப்புலயே சொல்லியாச்சு. ஆனா அந்த வாக்கியம் எங்க இருந்து கிளம்பி வந்துச்சுங்குறதை ரெண்டு வரி முன்னாடி வச்சிட்டாங்க. வாசிக்கிறவங்க மகளா வாசிச்சா கொலை தெரியும், அம்மாவா வாசிச்சா அந்தப் பயணம் தெரியும்.

உங்க கதையில கடை இருக்கா? நீங்க இங்க கேள்வியில எழுதுன அந்தக் கழிக்கிற ஆளு, கணக்கு கேக்குறது, அதெல்லாம் கதைக்குள்ள இருக்கா? இல்லன்னா அதைத்தான் நீங்க விட்டுட்டீங்கன்னு எனக்குத் தோணுது. அம்மாவுக்கு வக்காலத்து வாங்கச் சொல்லல. அந்தத் தட்டு எவ்வளவு கனம்னு எழுதுங்கன்னு சொல்றேன்.

சும்மா_ஒரு_வாசகன்

பேரு மாத்தியாச்சு, ஊரு மாத்தியாச்சு, அப்புறம் என்னங்க. கதை கதைதான். இதுக்கெல்லாம் வீட்டுல அனுமதி வாங்கிட்டு இருந்தா தமிழ்ல பாதி இலக்கியம் வந்திருக்காது.

கடைசி_பெஞ்ச்

மேல சொன்ன நண்பருக்கு ஒரு பதில். நான் கதை எழுதுறவன் இல்ல, எழுதப்பட்ட வீட்டுல இருந்து வர்றவன், அதனால இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கேட்டுக்கோங்க.

எங்க அண்ணன் எழுதுவான். ஆறேழு வருஷம் முன்னாடி அப்பாவைப் பத்தி ஒரு கதை எழுதுனான், நல்லா பேசப்பட்டுச்சு. குடிச்சிட்டு வந்து அம்மாவோட தையல் மிஷினைத் தூக்கித் தெருவுல போட்ட அப்பா. அது நடந்தது உண்மை. அண்ணனுக்கு அப்ப பதிமூணு வயசு, நான் கைக்குழந்தை. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து அப்பா குடிச்சு நான் பார்த்ததே இல்ல. எனக்குத் தெரிஞ்ச அப்பா ராத்திரி எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, அதே தையல் மிஷினுக்குப் பக்கத்துல உக்காந்து அம்மாவுக்கு ஊசியில நூல் கோத்துக் கொடுப்பார், ஏன்னா அம்மாவுக்குக் கிட்டப் பார்வை போயிருச்சு. ஒரே வீடு ஒரே ஆளு, எனக்கும் அண்ணனுக்கும் வேற வேற அப்பா.

கதை வந்த மாசம் டீக்கடையில யாரோ ஒருத்தர் அதைக் கொண்டுவந்து, "உங்க பையன் எழுதிருக்கான் பார்த்தீங்களா"ன்னு அப்பாகிட்டயே கொடுத்துட்டார். அப்பா கண்ணாடிய மாட்டிக்கிட்டு அங்கேயே உக்காந்து முழுசா வாசிச்சிருக்கார். வீட்டுக்கு வந்து ஒண்ணும் பேசல. மறுநாள்ல இருந்து அந்த டீக்கடைக்குப் போறதை நிறுத்திட்டார், நாப்பது வருஷம் போன கடை. ரெண்டு வருஷம் கழிச்சு இறந்துட்டார். அண்ணன்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல, அண்ணனும் பேசல.

அண்ணன் பொய் எழுதலன்னு எனக்குத் தெரியும். அந்தப் பதிமூணு வயசுப் பையனுக்கு அது எழுதித்தான் தீரணும்னும் இப்ப புரியுது. எனக்கு இருக்குற குறை ஒண்ணே ஒண்ணுதான், அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டியிருக்கலாம். அப்பா திட்டியிருப்பார், இல்ல அழுதிருப்பார், இல்ல எந்திரிச்சுப் போயிருப்பார். எதுவா இருந்தாலும் அது அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்திருக்கும், டீக்கடையில நடந்திருக்காது.

காஃப்கா 1919-ல அவரோட அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுனாரே, கையெழுத்துல நூறு பக்கத்துக்கு மேல. நேர்ல கொடுக்க முடியாம அம்மா மூலமா கொடுக்கப் பார்த்து, அது அப்பா கைக்குப் போகவே இல்லன்னு சொல்லுவாங்க. உலகம் பூரா வாசிச்சாச்சு, யாருக்கு எழுதுனாரோ அந்த ஆளு மட்டும் வாசிக்கல. எனக்கு அது இலக்கியச் செய்தியா படல, எங்க வீடு மாதிரிதான் படுது.

உங்கம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதுன்னா நீங்க வாசிச்சுக் காட்டலாமேம்மா.

கரிசல்_காடு

கடைசி பெஞ்ச் சொல்றது மனசுல நிக்குது. ஆனா வாசிச்சுக் காட்டுறது எல்லாருக்கும் முடியுற காரியமும் இல்ல, அதையும் சொல்லிடணும்.

பாமாவோட "கருக்கு" 1992-ல வந்துச்சு. கன்னியாஸ்திரியா மடத்துல ஏழு வருஷம் இருந்துட்டு, அங்கயும் சாதிதான் இருக்குன்னு வெளிய வந்து, கையில வேலை இல்ல காசு இல்லங்குற நிலைமையில எழுதுன புத்தகம். எங்க பக்கத்துப் பேச்சுலயே எழுதியிருப்பாங்க, எங்க ஆச்சி பேசுன மாதிரியே இருக்கும். அதுல குடும்பம்னா அப்பா அம்மா மட்டும் இல்ல, பாட்டி, தெரு, சாமி கும்பிடுற இடம், வேலைக்குப் போற காடு எல்லாம் சேர்ந்துதான். நான் யாருங்குற கேள்விக்கு அந்த மொத்தத் தெருவையும் எழுதித்தான் பதில் சொல்ல முடிஞ்சிருக்கு. ஊர் பேரு கூட சொல்லல. அப்படியும் புத்தகம் வந்ததும் ஊர்க்காரங்களுக்குக் கோவம், நம்ம வீட்டு வறுமையையும் அழுக்கையும் சண்டையையும் ஊரறியப் போட்டுட்டாளேன்னு. கொஞ்ச மாசம் அவங்களால சொந்த ஊருக்குள்ளயே போக முடியல. அப்புறம் படிச்ச பிள்ளைக வாசிச்சு, இது நம்ம கதைதான், நமக்காகத்தான் எழுதியிருக்குன்னு எடுத்துக்கிட்டாங்க.

முதல்ல அனுமதி கேட்டிருந்தா அந்தப் புத்தகம் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். அதனால கேக்குறது நல்லது, ஆனா கேட்டு அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா என்ன செய்யுறதுன்னும் முன்கூட்டியே யோசிச்சுக்கோங்க. உங்க கதை உங்கம்மாவோட கதை மட்டும் இல்லீங்களே, 25 25-ஆ கட்டுன பத்து வயசுப் பிள்ளையோட கதையும்தானே. அந்தப் பிள்ளைக்கும் ஒரு பாத்தியதை உண்டு.

நொய்யல்_ஆறு

நான் சொல்றது கேள்விக்கு நேர் பதிலான்னு தெரியலீங்க, ஆனா சொல்லாம இருக்க முடியல.

எனக்கும் என் சம்சாரத்துக்கும் கல்யாணம் ஆகி பதினோரு வருஷம், குழந்தை இல்லீங்க. பெற்றோர், குடும்பம்னு எழுத்தாளர்கள் எழுதுறதையெல்லாம் தேடித் தேடி வாசிக்கிறவன் நான். பெரும்பாலும் பெத்தவங்க எழுதுவாங்க, இல்ல பெறப்பட்டவங்க எழுதுவாங்க. நடுவுல எங்களை மாதிரி ஆளுக எங்க நிக்கறதுன்னு தெரியாது.

புறநானூறுல 188-வது பாட்டு, பாண்டியன் அறிவுடை நம்பி பாடினது. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணினது. குழந்தை குறுகுறுன்னு நடந்து வந்து, சின்னக் கைய நீட்டி, நெய் ஊத்துன சோத்தைத் தொட்டு, கவ்வி, துழாவி, மேலெல்லாம் அப்பிக்கும். "இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்"னு வரும், அந்த நாலு சொல்லுலயே ஒரு குழந்தை சாப்பிட்டு முடிச்சிரும். ரெண்டாயிரம் வருஷம் ஆச்சுன்னு சொல்லவே முடியாதுங்க, எங்க அக்கா பையன் நேத்து அப்படித்தான் சாப்பிட்டான். ஆனா அந்தப் பாட்டோட முடிவு என்னன்னா, இப்படிக் குழந்தை இல்லாதவங்களுக்கு அவங்க வாழுற நாள்ல பயனே இல்லைங்கறதுதான். பத்தாவதுல அந்த வரிக்கு நான்தான் பொருள் எழுதி முழு மார்க் வாங்குனேன். இப்ப அந்த வரியக் கேட்டா எழுந்து வேற ரூமுக்குப் போயிருவேன்.

பெருமாள்முருகனோட "மாதொருபாகன்" 2010-ல வந்துச்சு. 2014 கடைசியில அந்த நாவலை எதிர்த்து திருச்செங்கோட்டுல நடந்த போராட்டமும், 2015 ஜனவரியில அவரு எழுத்தாளன் செத்துட்டான்னு எழுதிப் போட்டதும், 2016 ஜூலையில ஐகோர்ட் அவரை மறுபடி எழுதச் சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சண்டையில எல்லாரும் நாவல்ல வர்ற தேர்த் திருவிழாவைப் பத்தியே பேசுனாங்க. எனக்கு அந்த நாவல், குழந்தை இல்லாத காளியும் பொன்னாவும் ஒரு விசேஷ வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மனசுல படுற பாடுதாங்க. யாரு என்ன கேப்பாங்க, எந்தச் சடங்குல தள்ளி நிக்கச் சொல்லுவாங்க, அதைச் சிரிச்சுட்டே எப்படித் தாங்கறது. போன ஐப்பசியில ஒரு சீமந்தத்துல வளையல் போட வரிசையா கூப்பிட்டாங்க, என் சம்சாரம் பேரு வர்ற நேரத்துல ஒரு பெரியம்மா, "கண்ணு, நீ போயி அந்தப் பலகாரத் தட்டை எடுத்துட்டு வா"ன்னாங்க. தட்டு பக்கத்துலயேதான் இருந்துச்சு. அவ எடுத்துட்டு வந்தா. எனக்கு அந்த நாவல் எங்க வீட்டுக்குள்ள உக்காந்து எழுதுன மாதிரி இருந்துச்சுங்க. யாரும் எங்களைக் கேட்டு எழுதல, கேட்டிருந்தாலும் நாங்க சொல்லியிருக்க மாட்டோம்.

அதே பெருமாள்முருகன் அவங்க அம்மாவைப் பத்தி எழுதுன "தோன்றாத் துணை"யும் வாசிங்க தங்கச்சி. காடு, மாடு, சமையல், சிக்கனம்னு அந்தம்மா எதை எப்படிச் செஞ்சாங்கன்னுதான் புத்தகம் பூரா, பாசம்னு தனியா எடுத்து வச்சுப் பேச மாட்டாரு, வேலையச் சொல்லும்போதே அது தெரிஞ்சிரும். அந்தத் தலைப்புச் சொல்லு அப்பர் தேவாரத்துல வருதுங்க, திருப்பாதிரிப்புலியூர் பதிகத்துல, "ஈன்றாளுமாய்"னு தொடங்கற பாட்டுல. அம்மா போன பிறகு எழுதுன புத்தகம். உங்களுக்கு அம்மா இருக்காங்க. நீங்க பீடி சுத்தறதைப் பத்தி மேல எழுதுன பத்தி எனக்கு அந்தப் புத்தகத்தைத்தான் ஞாபகப்படுத்துச்சு.

முற்றத்து_மரம்

நொய்யல் ஆறு அண்ணா, அந்தப் பலகாரத் தட்டை நீங்களே எழுதுங்க. நான் கேட்டுக்குறேன், வேற யாரும் எழுத முடியாது.

பாட்டுன்னு வந்ததால இதையும் சொல்லிடுறேன். அதே புறநானூறுல 86, காவற்பெண்டு பாடினது. யாரோ வீட்டுத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, உன் மகன் எங்கன்னு கேக்குறாங்க. எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது, போர்க்களத்துல இருப்பான், புலி இருந்துட்டுப் போன கல்லுக்குகை மாதிரி அவனைப் பெத்த வயிறு இதோ இங்க இருக்குன்னு சொல்றா. வீரத்தாய்னு பாடம் நடத்திட்டுப் போயிருவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் நடத்துனேன். என் பையன் வெளிநாடு போன வருஷம் வகுப்புல அந்தப் பாட்டை நடத்தும்போது, காலியான குகைங்குற இடத்துல குரல் உடைஞ்சிருச்சு, பிள்ளைங்க பயந்துட்டாங்க. பாட்டு அதேதான். நான் நிக்குற இடம் மாறிருச்சு. தங்கச்சி, உங்க கதைக்கும் இதுதான் ஆகியிருக்கு, அதனால பழைய கதை தப்புன்னு நினைச்சு அடிச்சிடாதீங்க.

புதுவை_வாசி

பெத்தவங்க பக்கம் நின்னு எழுதுனதுக்கு இமையத்தோட "செல்லாத பணம்" பாருங்க, 2020 சாகித்திய அகாதமி வாங்குன நாவல். வேண்டாம்னு சொன்ன பையனைக் கட்டிக்கிட்ட மகள்கிட்ட பேச்சையே நிறுத்திட்ட அப்பா, அவ தீக்காயத்தோட ஜிப்மர் ஆஸ்பத்திரியில கிடக்கும்போது வெளிய நிக்குறார். கையில பணம் இருக்கு, எவ்வளவு வேணும்னாலும் கட்டுறேன்னு ஓடுறார், அங்க அந்தப் பணம் எதுக்கும் ஆகல. அந்த அப்பா செஞ்சது சரின்னு எந்த இடத்துலயும் இமையம் சொல்ல மாட்டார், ஆனா அவரைவிட்டு நம்மாலயும் நகர முடியாது. எங்கம்மா ஜிப்மர்ல இருந்தப்ப ராத்திரி பூரா அதே மாதிரி வராண்டாவுல உக்காந்திருந்தவன் நான், அந்தக் காத்திருப்பு அப்படியே இருக்கும்.

தாமிரபரணி_கரை

எல்லாருக்கும் நன்றி. முற்றத்து மரம் அக்கா கேட்ட கேள்விக்கு, இல்லக்கா, கதையில கடை இல்ல. கழிக்கிறவர் இல்ல. நான் வேணும்னு எடுக்கல, பத்து வயசுல நான் கடைக்கு உள்ள போனதே இல்ல, வெளியவே நிப்பேன், அதனால எழுதும்போது அது ஞாபகத்துக்கே வரல. நீங்க சொன்ன பிறகுதான் தெரியுது.

கடைசி பெஞ்ச் அண்ணா, உங்க அப்பாவோட டீக்கடையை நினைச்சு ரெண்டு நாள் தூக்கம் வரல. இதழ்க்காரங்களுக்கு போன் பண்ணி ஒரு இதழ் தள்ளிப் போட முடியுமான்னு கேட்டேன், சரின்னுட்டாங்க. காலாண்டு லீவுக்கு மகளோட ஊருக்குப் போறேன். வாசிச்சுக் காட்டப் போறேன். பயமா இருக்கு.

தாமிரபரணி_கரை

போயிட்டு வந்துட்டேன். எழுத இவ்வளவு நாள் ஆனதுக்கு மன்னிச்சுக்கோங்க, எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

அம்மா இன்னும் சுத்துறாங்க, இப்பல்லாம் 300 தான், கண்ணு தெரியல, விரல்லயே அளவு பார்த்துச் சுருட்டுறாங்க. ராத்திரி மகள் தூங்குன பிறகு, "அம்மா நான் ஒரு கதை எழுதிருக்கேன், உன்னைப் பத்தித்தான், வாசிக்கவா"ன்னு கேட்டேன். "வாசியேன், கைதான வேலை செய்யுது, காது சும்மாத்தான கெடக்கு"ன்னாங்க. வாசிச்சேன். சுத்திக்கிட்டே கேட்டாங்க. சொம்பு கவுந்த இடத்துல கை நின்னுருச்சு. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் ஒரு பீடி கூட சுத்தல.

நான் முடிச்சிட்டு அவங்க முகத்தைப் பார்க்க முடியாம பேப்பரையே பார்த்துட்டு இருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு முதல்ல சொன்னது, "அப்ப ஃபேன் ஏதுட்டி?" கரண்டு பில்லு கட்டாம ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போயி ரெண்டு மாசமாம். நனைஞ்ச பீடியை ஒவ்வொண்ணா சீலைத் துணியால ஒத்தி ஒத்தி எடுத்தாங்களாம், விடிய விடிய. எனக்கு ஃபேன் சுத்துன சத்தம் கூட காதுல இருக்குங்க. ஆனா இல்லையாம்.

அப்புறம் என் முகத்தைப் பிடிச்சுத் திருப்பி, புருவத்துக்கு மேல பெருவிரலை வச்சு, "இது நான் அடிச்சது இல்ல. நீ மூணு வயசுல நடைப்படியில விழுந்த. உங்க ஆச்சி காப்பிப்பொடிய வச்சு அமுக்குனா, அந்தக் கறுப்பு இன்னும் இருக்கு பாரு. தட்டால அடிச்சேன், இல்லைங்கல. தோளுல பட்டுச்சு. ரத்தம் வரல"ன்னாங்க. முப்பத்தி ரெண்டு வருஷமா இருக்குற தழும்பு, தினமும் பொட்டு வைக்கும்போது கண்ணாடியில பார்க்குறது, அம்மா அடிச்சதுன்னே நினைச்சிட்டு இருந்தேன், அதை வச்சு ஒரு கதையே எழுதிட்டேன். நான் வாக்குவாதம் பண்ணல. அம்மா பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும், நானும் பொய் சொல்லலன்னு அம்மாவுக்குத் தெரியும்.

இதோட முடிஞ்சிருச்சுன்னு நினைச்சு லைட்டை அணைக்க எந்திரிச்சேன். அம்மா இருட்டுல இருந்து, "அந்த மழை அன்னைக்கு நடந்ததை எழுதலியா?"ன்னு கேட்டாங்க. என்ன மழைன்னேன். "நீ ஒண்ணாப்பு படிக்கும்போது. கடையில 200 பீடியைக் கழிச்சு விட்டுட்டான். வந்த ஆத்திரத்துல உன்னை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டேன். மழை ஊத்துது. நான் உள்ள கதவுலயே சாஞ்சு உக்காந்திருக்கேன். நீ தட்டுவ தட்டுவன்னு பாக்கேன், நீ தட்டவே இல்ல. ஒரு தடவை தட்டியிருந்தா தொறந்திருப்பேன். நானா எந்திரிச்சுத் தொறக்கும்போது நீ திண்ணையில நனைஞ்சுக்கிட்டே தூங்கிட்ட. நீ எழுதுறன்னு கேள்விப்பட்டதுல இருந்து, இதைத்தான் எழுதிருப்பன்னு நினைச்சிட்டு இருந்தேன்."

எனக்கு அப்படி ஒரு ராத்திரி ஞாபகத்துலயே இல்ல. எவ்வளவோ யோசிச்சுப் பார்த்துட்டேன், மழை இல்ல, திண்ணை இல்ல, கதவு இல்ல. அண்ணன்கிட்ட கேட்டேன், அவனுக்கும் தெரியல. அம்மாகிட்ட மட்டும்தான் அது இருக்கு, முப்பது வருஷமா.

போடலாமான்னு கேட்டேன். "போடு. ஃபேனை எடுத்துரு"ன்னாங்க. தழும்பை எடுக்கச் சொல்லல.

இப்ப கதையில கடை வந்துருச்சு, கழிக்கிறவர் வந்துட்டார், ஃபேன் போயிருச்சு. தழும்பு வர்ற இடத்துல நான் நினைச்சதையும் அம்மா சொன்னதையும் ரெண்டையும் அப்படியே வச்சிட்டேன், எது சரின்னு எழுதல. மழைய இதுல சேர்க்கல, அது வேற கதை, கதவுக்கு உள்பக்கம் இருந்து எழுத வேண்டியது. இதழ்க்காரங்க 20-ஆம் தேதிக்குள்ள திருத்துனதைக் கேட்டிருக்காங்க. முற்றத்து மரம் அக்கா, ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா? தனிமடல்ல அனுப்புறேன்.

முற்றத்து_மரம்

அனுப்புங்க. இன்னைக்கு ராத்திரியே வாசிக்குறேன்.

கடைசி_பெஞ்ச்

அண்ணனுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பியிருக்கேன். பார்த்துட்டான்னு காட்டுது. இன்னும் பதில் இல்ல. ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்குப் போறேன், அப்பா நூல் கோத்துக் கொடுத்ததை அவன்கிட்ட நான் இதுவரைக்கும் சொன்னதே இல்ல.